ஸ்லீப்பா, ஹைபர்னேட்டா, ஷட் டவுனா: எதை எப்போது அழுத்துவது

வேலை முடிந்து எழும்போது கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு சட்டம் வைத்திருப்பார்கள். ராத்திரி ஷட் டவுன் பண்ணாமல் விட்டால் மெஷின் சீக்கிரம் போய்விடும் என்பார் ஒருவர். அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால்தான் போகும் என்பார் இன்னொருவர். ஹைபர்னேட் என்று ஒன்று இருப்பது மெனுவிலேயே தெரியாததால் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இந்த வாதங்களில் பாதி, பழைய மெஷின்கள் காலத்திலிருந்து அப்படியே கைமாறி வந்தவை. இன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டே கேள்விகள். பாதியில் விட்ட வேலை இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, ரேமிலா (கரண்ட் இருக்கும்வரை மட்டும் நிற்கும் தற்காலிக நினைவகம்) டிஸ்கிலா (கரண்ட் போனாலும் அழியாத இடம்)? நீங்கள் திரும்பி வருவதற்குள் கரண்ட் போனாலோ பேட்டரி தீர்ந்தாலோ அதற்கு என்ன ஆகும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த பட்டன் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஸ்லீப்பில் போட்டால் பிராசஸர், டிஸ்க், திரை, விசிறி எல்லாம் நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். போய்த்தான் ஆக வேண்டும். ஏனென்றால் ரேம் ஒவ்வொரு பிட்டையும் மிகச்சிறிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது, அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அந்த வேலை ஸ்லீப்பிலும் நிற்பதில்லை. திறந்து வைத்த முப்பது டேப், பாதி எழுதிய கடிதம், எடிட் பண்ணிக்கொண்டிருந்த படம் எல்லாம் ரேமில் அப்படியே இருப்பதால் ஓரிரு விநாடியில் எழுந்துவிடும். கரண்ட் போய்விட்டால் அத்தனையும் போச்சு.

ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பதை எல்லாம் டிஸ்கில் ஒரு ஃபைலாக எழுதிவிட்டு மெஷின் அணைந்துவிடும். விண்டோஸில் அந்த ஃபைலின் பெயர் ஹைபர்ஃபில் டாட் சிஸ், சி டிரைவில் மறைந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி ஆன் பண்ணும்போது அதைப் படித்து ரேமில் ஏற்றி, விட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் கவலை இல்லை. எழும் நேரம் டிஸ்கைப் பொறுத்தது: சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் சில விநாடிகள்தான், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஷட் டவுன் எல்லோருக்கும் தெரிந்தது. புரோகிராம்கள் மூடப்படும், விண்டோஸ் மூடப்படும், மெஷின் அணையும். தெரிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த நிலைகளுக்கு முறையான பெயர்களும் உண்டு. 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ என்ற வரையறையில் ஸ்லீப்புக்கு எஸ்3, ஹைபர்னேட்டுக்கு எஸ்4, ஷட் டவுனுக்கு எஸ்5 என்று பெயர். மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, ஆனால் கீழே சொல்லப்போகும் ஒரு கமாண்டின் விடையில் இதே பெயர்கள் வரும், அப்போது திருதிருவென்று விழிக்க வேண்டாம்.

டெஸ்க்டாப்புக்கு

டெஸ்க்டாப்பில் பேட்டரி கிடையாது, அதனால் எல்லாமே கரண்டின் தயவில்தான். மதியம் சாப்பிடப் போகிறீர்கள், கடைக்குப் போய்வரப் போகிறீர்கள், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவீர்கள் என்றால் ஸ்லீப் போதும். அதற்கு முன் ஒரு கன்ட்ரோல் எஸ் அடித்துவிடுங்கள், செலவு ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க என்றால், கரண்ட் நம்பகமாக இருக்கும் வீட்டில் ஸ்லீப்பே போதும். அடிக்கடி போய்வரும் இடம் என்றால் ஹைபர்னேட். யுபிஎஸ் வைத்திருந்தால் அது சிறிய வெட்டுகளைத் தாங்கும். அதுவும் ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பல வீட்டு யுபிஎஸ்கள் மெஷின் முழுதாக ஓடும்போது சில நிமிஷங்கள் தருவதற்கென்று செய்யப்பட்டவை. ஸ்லீப்பில் இருக்கும் மெஷின் மிகக் குறைவாகவே இழுப்பதால் அதைவிட நிறைய நேரம் நிற்கும். எவ்வளவு நேரம் என்பது அந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஸ்லீப்புக்கும் ஹைபர்னேட்டுக்கும் நடுவில் விண்டோஸ் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது, ஹைப்ரிட் ஸ்லீப். ஸ்லீப் கொடுத்தவுடன் ரேமை டிஸ்கிலும் எழுதிவிட்டு, ரேமுக்கும் கரண்டை விட்டு வைக்கும். கரண்ட் இருந்தால் வழக்கம்போல ஓரிரு விநாடியில் எழும். நடுவில் போய்விட்டால் டிஸ்கில் இருப்பதிலிருந்து எழும். பேட்டரி இல்லாத மெஷினுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பயன்படுத்தும் பிளானுக்குப் பக்கத்தில் சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் சேஞ்ச் அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸ், வரும் பட்டியலில் ஸ்லீப் என்பதை விரித்தால் அலவ் ஹைப்ரிட் ஸ்லீப் என்று இருக்கும். ஆன் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரியே இல்லை என்றால் உங்கள் மெஷினில் அதற்கு வழி இல்லை அல்லது ஹைபர்னேட் மொத்தமாக அணைக்கப்பட்டிருக்கிறது.

லேப்டாப்பில்தான் உண்மையான தலைவலி

லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் ஸ்லீப் பாதுகாப்பானது என்று தோன்றும். பழைய லேப்டாப்களில் அது சரிதான். எஸ்3 ஸ்லீப்பில் போட்டு மூடி வைத்தால் மறுநாள் திறக்கும்போது சில சதவீதம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்த எஸ்3 கிடையவே கிடையாது. அதற்குப் பதிலாக மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று ஒன்று இருக்கிறது. மூடியை மூடினால் திரை அணையும், ஆனால் மெஷின் முழுதாகத் தூங்காது, பிராசஸர் மிகக் குறைந்த வேகத்தில் விழித்தும் விழிக்காமலும் இருக்கும், அவ்வப்போது மெயில் எடுக்கும், அப்டேட் பார்க்கும். ஃபோன் சட்டைப் பையில் இருந்துகொண்டே மெசேஜ் வாங்குவது போல லேப்டாப்பையும் நடக்கவைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. யோசனையில் தப்பில்லை. ஏதாவது ஒரு டிரைவரோ (வைஃபை, பிரிண்டர் மாதிரி கருவிகளை இயக்கும் மென்பொருள்) புரோகிராமோ அடங்காமல் வேலை செய்துகொண்டே இருந்தால், மூடிய லேப்டாப் பைக்குள் சூடாகி, வெளியே எடுக்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். லேப்டாப் பழுது என்று நினைத்து பேட்டரி மாற்றுகிறவர்கள் உண்டு, பாவம்.

உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ள: ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறங்கள், பவர்சிஎஃப்ஜி என்ற கமாண்டை ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாக அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஸ்லாஷ் ஏ சேர்த்து என்டர் தட்டுங்கள். உங்கள் மெஷினில் என்னென்ன நிலைகள் உண்டு, எவை இல்லை, ஏன் இல்லை என்று வரிசையாகச் சொல்லும். ஸ்டாண்ட்பை எஸ்3 என்று மேல் பட்டியலில் இருந்தால் பழைய நல்ல ஸ்லீப். ஸ்டாண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில் என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை.

இரண்டாவது வகை என்றால் என் யோசனை இதுதான்: பைக்குள் போவதற்கு முன் ஹைபர்னேட். மேஜையில் அரை மணி நேரம் மூடி வைக்க ஸ்லீப் போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பைக்குள் காற்றோட்டமும் கிடையாது, என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளும் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஞாபகம் வைத்துக்கொண்டு மெனுவில் போய் அழுத்துவது நடக்கிற காரியம் இல்லை, அதனால் மூடியையே அதற்குப் பழக்கிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ். அங்கே பேட்டரியில் இருக்கும்போது மூடியை மூடினால் ஹைபர்னேட் என்றும், சார்ஜரில் இருக்கும்போது மூடினால் ஸ்லீப் என்றும் வைத்துவிட்டு சேவ் பண்ணுங்கள். சார்ஜரில் இருக்கும் லேப்டாப் பெரும்பாலும் மேஜையில்தான் இருக்கும், பேட்டரியில் இருப்பதுதான் பைக்குப் போகும். இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ஒவ்வொரு முறை மூடும்போதும் ஹைபர்னேட் ஆவது எரிச்சலாக இருந்தால் இன்னொரு வழி: முதலில் ஸ்லீப், ஒரு மணி நேரம் யாரும் தொடவில்லை என்றால் தானாக ஹைபர்னேட். மேலே சொன்ன அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ஸ்லீப்புக்குக் கீழே ஹைபர்னேட் ஆஃப்டர் என்று இருக்கும், பேட்டரிக்கு 60 நிமிஷம், சார்ஜருக்கு 180 நிமிஷம் என்று வையுங்கள். நான் பொதுவாக எல்லோருக்கும் சிபாரிசு செய்வது இதைத்தான். சின்ன இடைவெளிக்கு வேகம் கிடைக்கிறது, பெரிய இடைவெளிக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மூடியதும் உடனே பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் என்றால் முதல் வழிதான்.

மூடிய நேரத்தில் பேட்டரியை யார் தின்றது என்று பார்க்க வேண்டுமா, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதே பவர்சிஎஃப்ஜியோடு ஸ்லாஷ் ஸ்லீப்ஸ்டடி சேர்த்து அடியுங்கள். பிரௌசரில் திறக்கிற மாதிரி ஒரு அறிக்கை ஃபைல் எழுதித் தரும். ஒவ்வொரு ஸ்லீப்பிலும் எவ்வளவு சார்ஜ் போனது, எந்த டிவைஸ் அல்லது புரோகிராம் அடங்காமல் இருந்தது என்று அதில் இருக்கும். பெரும்பாலும் வைஃபை டிரைவர் மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும், டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்கள்.

ஹைபர்னேட் மெனுவில் இல்லையே?

விண்டோஸ் அதை ஒளித்து வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ. அங்கே மேலே சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அன்அவைலபிள் என்று ஒரு வரி நீலத்தில் இருக்கும், அதை அழுத்தினால்தான் கீழே மங்கலாக இருக்கும் பெட்டிகளில் டிக் போட முடியும். ஹைபர்னேட்டுக்கு டிக் போட்டு சேவ் பண்ணினால் ஸ்டார்ட் மெனுவின் பவர் பட்டனில் வந்துவிடும். அந்தப் பெட்டியே அங்கே இல்லை என்றால் ஹைபர்னேட் மொத்தமாக அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ் ஹெச், இடைவெளி, ஆன் என்று அடித்தால் திரும்ப வரும்.

டிஸ்கில் இடம் பிடிக்கிறதே என்று அணைத்தவர்கள் இருப்பார்கள். விண்டோஸ் 10 முதல் அந்த ஃபைல் இயல்பாக ரேம் அளவில் 40 சதவீதம் இடம் எடுக்கும், அதாவது 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. 128 ஜிபி டிஸ்கை வைத்துக்கொண்டு திண்டாடும் மெஷினில் அது உறுத்தும்தான். அந்த நிலையில் இருக்கும் டெஸ்க்டாப்பில் அணைத்து வைப்பதை ஒத்துக்கொள்வேன், லேப்டாப்பில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயமும் அடிக்கடி வரும். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது சாதாரணம். ஒரு ஹைபர்னேட்டுக்கு 6 ஜிபி, ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று வைத்தால் வருஷத்துக்கு சுமார் 4.4 டெராபைட். அந்த உத்தரவாதத்தைத் தாண்ட அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும். மற்ற வேலைகளும் எழுதத்தான் செய்யும், அதையும் சேர்த்துக்கொண்டாலும் ஹைபர்னேட்டால் டிஸ்க் போய்விடும் என்று கவலைப்படத் தேவையில்லை, அதற்கு முன்பே லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

ஷட் டவுன் என்பது ஷட் டவுன்தானா

2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலான மெஷின்களில் வாங்கும்போதே ஆன் ஆகி வரும். இது இருக்கும்போது நீங்கள் ஷட் டவுன் அழுத்தினால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், நீங்கள் லாக் அவுட் ஆவீர்கள். ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் டிரைவர்களும் முழுதாக மூடப்படுவதில்லை, அவற்றை மட்டும் ஹைபர்னேட் செய்து டிஸ்கில் வைத்துவிட்டு அணைகிறது. மறுநாள் சீக்கிரம் ஆன் ஆகத்தான் இந்த ஏற்பாடு. விளைவு என்ன? தினமும் ஒழுங்காக ஷட் டவுன் பண்ணுகிறேன் என்று பெருமைப்படுகிறவரின் மெஷினில் கெர்னல் வாரக்கணக்கில் ஒரே ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவை அழுத்தி அப் டைம் என்பதைப் பாருங்கள், நேற்று ராத்திரி அணைத்த மெஷினில் பன்னிரண்டு நாள் என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ரீஸ்டார்ட் அப்படி இல்லை. ரீஸ்டார்ட் அழுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வராது, எல்லாம் முழுதாக மூடி முதலிலிருந்து ஏறும். அதனால்தான் சவுண்ட் வரவில்லை, பிரிண்டர் கண்ணில் படவில்லை என்று புலம்பும்போது ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகாத பிரச்சினை ரீஸ்டார்ட்டில் சரியாகிறது. மெஷினுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று தினமும் ஷட் டவுன் பண்ணுவதைவிட, வழக்கமாக ஸ்லீப்பிலோ ஹைபர்னேட்டிலோ போட்டுவிட்டு வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுவது மேல். எடுத்த ரேமைத் திருப்பித் தராத புரோகிராம்கள், பாதியில் நிற்கும் அப்டேட்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ரீஸ்டார்ட்டில் விடிவு வரும்.

நிஜமான ஷட் டவுன் வேண்டும் என்றால் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுனை அழுத்துங்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் மேலே ஹைபர்னேட்டுக்கு டிக் போட்ட அதே பக்கத்தில் டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் அதனால் கிடைக்கும் வேகம் சில விநாடிதான். எடுத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் இருக்கும் பழைய மெஷினில் விட்டு வையுங்கள், அங்கே அது உதவுகிறது.

எப்போதெல்லாம் நிஜமான ஷட் டவுன் அவசியம்? ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருந்தால் கட்டாயம். பாதி ஹைபர்னேட் ஆன விண்டோஸ் டிஸ்கில் தனக்கென்று உள்ள பகுதியை (பார்ட்டிஷன்) திறந்தபடியே விட்டிருக்கும், லினக்ஸில் போய் அதில் ஏதாவது எழுதினால் ஃபைல்கள் கெடும். அதனால்தான் லினக்ஸ் அந்த டிரைவை எழுத முடியாதபடி மட்டும் திறக்கிறது அல்லது திறக்கவே மறுக்கிறது. டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டப்போகிறீர்கள் என்றாலும் இதே கதைதான். ரேம் மாற்றுவது, கார்டு செருகுவது போன்ற வேலைகளுக்கு ஷட் டவுன் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளை பிளக்கில் இருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும்.

கரண்ட் கணக்கு

ஸ்லீப்பில் போட்டால் கரண்ட் வீணாகாதா என்பது நியாயமான கேள்வி. மாடலுக்கு மாடல் மாறும், தோராயமாகச் சொன்னால் சும்மா விழித்திருக்கும் டெஸ்க்டாப் 50 வாட், ஸ்லீப்பில் 3 வாட், அணைத்துப் பிளக்கில் இருக்கும்போது 1 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் அதைத் தொடுவதில்லை என்றால், வருஷத்துக்கு விழித்தபடி விட்டால் சுமார் 274 யூனிட், ஸ்லீப்பில் 16 யூனிட், ஷட் டவுனில் 5 அல்லது 6. ஸ்லீப்புக்கும் ஷட் டவுனுக்கும் இடையே வித்தியாசம் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு யூனிட்தான். வீணாவது எங்கே என்றால் எதையுமே அழுத்தாமல் எழுந்து போவதில். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்கிரீன் சேவர் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை, சில ஸ்கிரீன் சேவர்கள் கிராஃபிக்ஸ் கார்டை வேலை வாங்கி இன்னும் கூடுதலாகத்தான் இழுக்கும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய் பத்து நிமிஷத்தில் திரை அணையவும் இருபது நிமிஷத்தில் ஸ்லீப் ஆகவும் வைத்துவிட்டால் இந்த 274 யூனிட் பிரச்சினை முடிந்தது.

ஆழ்ந்து தூங்காத மெஷின்

நடுராத்திரி தானாக விழித்து விசிறி சத்தம் போடும் மெஷின்களால் ஸ்லீப்பையே வெறுத்தவர்கள் இருக்கிறார்கள். காரணம் கண்டுபிடிப்பது சுலபம்தான். எழுந்திருந்த உடனே பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் லாஸ்ட்வேக் என்று அடித்தால் கடைசியாக எது எழுப்பியது என்று பெரும்பாலும் சொல்லும். மவுஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸைத் திறந்து பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அலவ் திஸ் டிவைஸ் டு வேக் தி கம்ப்யூட்டர் என்ற டிக்கை எடுங்கள். கீபோர்டில் இருப்பதை விட்டு வையுங்கள், எழுப்ப ஏதாவது ஒன்று வேண்டுமே. மேஜையை யாராவது இடித்தால்கூட சில மவுஸ்கள் எழுப்பிவிடும். நெட்வொர்க் கார்டு என்றால் அதே பக்கத்தில் மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே நெட்வொர்க் வழியாக அனுப்பும் சிக்னல்) வந்தால் மட்டும் எழுப்பு என்ற டிக்கைப் போடுங்கள். நேரம் குறித்து எழுப்பும் அப்டேட் வேலைகள் என்றால் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் அலவ் வேக் டைமர்ஸ் என்பதை டிஸேபிள் பண்ணுங்கள்.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு, எத்தனை நேரம் விட்டாலும் தூங்கவே தூங்காது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ் அடித்தால் இந்த நிமிஷம் தூக்கத்தைத் தடுப்பது யார் என்று பெயரோடு வரும். பல நேரம் ஏதோ ஒரு டேப்பில் நிறுத்தாமல் விட்ட வீடியோவாக இருக்கும்.

எஸ்3 ஸ்லீப்போ ஹைபர்னேட்டோ, இரண்டிலும் நெட் துண்டிக்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டவுன்லோடு நிற்கும், விபிஎன் அறுந்துபோகும், வேறு கம்ப்யூட்டரில் ரிமோட்டாகச் செய்த வேலை தொங்கும். பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் எஜெக்ட் பண்ணிவிட்டுத் தூங்கவையுங்கள். தூங்கும்போது பிடுங்கி வேறு மெஷினில் எழுதிவிட்டுத் திரும்பச் செருகினால் ஃபைல் சிஸ்டம் குழம்பும்.

திருட்டு போனால்

முக்கியமாக, டிஸ்கை என்கிரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். ஸ்லீப்பில் அந்தச் சாவி ரேமிலேயே இருக்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியது, கரண்டை நிறுத்திய பிறகும் ரேமில் இருப்பது உடனே அழிவதில்லை, குளிரவைத்தால் இன்னும் நேரம் தங்கும், அதற்குள் சாவியைப் படித்து எடுத்துவிடலாம் என்பதுதான். வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு இது கவலை இல்லை. முக்கியமான தகவல்களோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பயணம் போகும்போது ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் அல்லது ஷட் டவுன். டிஸ்கை என்கிரிப்ட் செய்யவில்லை என்றால் ஹைபர்னேட் ஃபைலும் திறந்த கதவுதான், திறந்து வைத்திருந்த எல்லாமே அதில் இருக்கும்.

மேக், லினக்ஸ்

மேக் வைத்திருக்கிறவர்களுக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை. மேக்புக்கை மூடினால் ஸ்லீப், ரேமின் நகல் ஒன்றை டிஸ்கிலும் வைத்துக்கொள்ளும், பேட்டரி தீர்ந்தாலும் அதிலிருந்து எழும். மெனுவில் ஹைபர்னேட் என்று தனியாகக் கிடையாது, தேவையும் இல்லை. வாரம் ஒரு ரீஸ்டார்ட் மட்டும் இங்கேயும் நல்லது.

லினக்ஸில் ஸ்லீப்புக்கு சஸ்பெண்ட் என்று பெயர், அது பெரும்பாலும் சிரமமில்லாமல் வேலை செய்யும். ஹைபர்னேட்டுக்கு முதலில் டிஸ்கில் ஸ்வாப் இடம் (ரேமில் இருப்பதை எழுதி வைக்க ஒதுக்கிய பகுதி) வேண்டும், ரேம் அளவுக்கு இருந்தால் நிம்மதி. ஸ்வாப்பை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் இசட்ரேம் முறை மட்டும் இருக்கும் டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) அது நடக்காது, எழுத இடமே இல்லையே. செக்யூர் பூட் (மெஷின் ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) ஆன் ஆக இருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். இந்தத் தடைகளைத் தாண்டினால், பல டிஸ்ட்ரோக்களை உள்ளிருந்து நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சஸ்பெண்ட் தென் ஹைபர்னேட் என்று ஒரு நிலை உண்டு, முதலில் தூங்கி, குறித்த நேரம் கழித்து டிஸ்குக்குப் போகும், விண்டோஸில் சொன்ன அதே ஏற்பாடு. மெனுவில் வராவிட்டாலும் சிஸ்டம்சிடிஎல் கமாண்ட் மூலம் கொடுக்கலாம். முதல் தடவை முயற்சி செய்யும்போது முக்கியமான எதையும் திறந்து வைக்காமல் செய்யுங்கள்.

எழவே இல்லை என்றால்

கறுப்புத் திரையோடு நிற்கும் மெஷினில் முதலில் கீபோர்டில் ஏதாவது ஒரு கீயைத் தட்டுங்கள், பிறகு பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்திவிட்டு அரை நிமிஷம் காத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஹைபர்னேட் எழுவதற்கு நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அணைத்தால் இருந்ததும் போகும். அசையவே இல்லை என்றால் பட்டனைப் பத்து விநாடி பிடித்துக்கொண்டிருங்கள், கட்டாயமாக அணைந்துவிடும். எப்போதாவது ஒருமுறை நடந்தால் விட்டுவிடுங்கள். அடிக்கடி நடந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரையும் பயாஸையும் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மெஷின் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அப்டேட் பண்ணிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மெஷினில் ஸ்லீப்பை விட்டுவிட்டு ஹைபர்னேட் மட்டும் பயன்படுத்துங்கள், இரண்டில் ஒன்று சொதப்பும் மெஷினில் மற்றது ஒழுங்காக இருப்பது சகஜம்.

மாதக்கணக்கில் தொடாமல் வைக்கப்போகும் லேப்டாப்புக்கு மட்டும் இதில் எதுவும் பொருந்தாது. பாதி சார்ஜ் வைத்து, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் பண்ணி, சூடில்லாத இடத்தில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதி அளவுக்கு ஏற்றி வைத்தால் பேட்டரி முழுதாக வற்றிக் கெடாமல் இருக்கும்.